தன்னையே நம்பும் நிரூபணம்: லோப் தேற்றத்தைத் தாளில் போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நிரூபண அமைப்பு, “நான் எதை நிரூபித்தாலும் அது உண்மை” என்று தன்னைப் பற்றியே நிரூபிக்க முடியுமா? கேட்டவுடன், இதில் என்ன தடை இருக்கப்போகிறது என்றுதான் தோன்றும். அமைப்பு சரியானது, அது சொல்வதெல்லாம் உண்மை, அப்புறம் இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டுமே?

முடியாது. அப்படி ஒட்டுமொத்தமாகத் தன்னை நம்பும் அமைப்பு 0=1 என்பதையும் நிரூபித்துவிடும். “இந்த ஒரு கூற்றில் மட்டும் என்னை நம்பலாம்” என்று அது நிரூபித்தால்கூட, அந்தக் கூற்றையே நேராக நிரூபிக்கும் வலு அதற்கு ஏற்கெனவே இருந்தாக வேண்டும். 1955-இல் மார்ட்டின் லோப் நிறுவிய தேற்றம் இதுதான். பத்து வரியில் முடிகிற நிரூபணம். கோடெலின் தேற்றத்தைப் பற்றித் தமிழில் அங்கங்கே படிக்கக் கிடைக்கிறது. அதைவிட எளிதாகச் சரிபார்க்கக்கூடிய லோப் தேற்றத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அந்தக் குறை தீர வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

“இது எனில் அது” என்ற வகை வாக்கியங்களைக் கையாளத் தெரிந்தால் போதும். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணால் மட்டும் படித்தால் இது மனதில் நிற்காது.

படி 1: பெட்டி எதைக் குறிக்கிறது?

பெயானோ எண்கணிதத்தை எடுத்துக்கொள்வோம். 0, 1, 2 என்று போகும் எண்களின் கூட்டல், பெருக்கல், தொகுத்தறிதல் இவற்றுக்கான அடிகோள்கள் (நிரூபணமின்றி ஏற்கும் தொடக்கக் கூற்றுகள்) கொண்ட அமைப்பு அது. இனிமேல் “அமைப்பு” என்றால் இதுதான்.

ப என்பது ஏதாவது ஒரு கூற்று என்றால், □ப என்று எழுதுவதன் பொருள்: “அமைப்பில் ப-வுக்கு ஒரு நிரூபணம் இருக்கிறது.” வாசிக்கும்போது “பெட்டி ப” என்று வாசியுங்கள்.

எண்களைப் பற்றி மட்டுமே பேசத் தெரிந்த அமைப்பு, நிரூபணங்களைப் பற்றி எப்படிப் பேசும்? குர்ட் கோடெல் 1931-இல் வழி காட்டினார்: ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்ணைக் கொடு. 0 என்ற குறிக்கு 1, = என்ற குறிக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். “0=0” என்ற வாக்கியத்தின் குறிகள் வரிசையாக 1, 2, 1. பகா எண்களை அந்த அடுக்குகளுக்கு உயர்த்திப் பெருக்கினால் 2¹ × 3² × 5¹ = 90. ஆக “0=0” என்ற வாக்கியம் 90 என்ற எண்ணாகிவிட்டது. திரும்பி வருவதும் எளிது. 90-ஐப் பகாக் காரணிகளாகப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அதிலிருந்து 1, 2, 1 கிடைக்கும், வாக்கியமும் கிடைக்கும். நிரூபணம் என்பது வாக்கியங்களின் வரிசை என்பதால் அதையும் இதேபோல ஓர் எண்ணாக்கலாம். “இந்த எண், அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தின் சரியான நிரூபணம்” என்பது வகுத்தும் பெருக்கியும் சோதிக்கக்கூடிய எண்கணிதக் கூற்றாகிவிடுகிறது. □ப என்பது “அப்படி ஓர் எண் இருக்கிறது” என்ற கூற்று. அவ்வளவுதான்.

இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: ப உண்மை என்பது ஒன்று. அமைப்பு ப-வை நிரூபிக்கிறது என்பது இன்னொன்று. அமைப்பு □ப-வை நிரூபிக்கிறது, அதாவது “எனக்கு ப-வை நிரூபிக்க வரும்” என்று தானே சொல்கிறது என்பது மூன்றாவது. இந்தத் துறையில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இவற்றைக் கலந்துவிடுவதால் வருபவை.

படி 2: மூன்று விதிகள்

ஹில்பெர்ட்டும் பெர்னாய்ஸும் 1939-இல் இவற்றின் முதல் வடிவத்தைத் தந்தார்கள். லோப் அதைச் சுருக்கி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கீழே ப, ம என்பவை ஏதாவது இரண்டு கூற்றுகள். ப → ம என்றால் “ப எனில் ம”.

விதி 1: அமைப்பு ப-வை நிரூபித்தால், □ப-வையும் நிரூபிக்கும்.
விதி 2: □(ப → ம) → (□ப → □ம).
விதி 3: □ப → □□ப.

முதல் விதி ஏன் சரி? உண்மையிலேயே ஒரு நிரூபணம் கையில் இருந்தால், அதன் எண்ணை எடுத்து, கணக்குப் போட்டு, “இதோ இருக்கிறது” என்று அமைப்பே காட்டிவிடும். ஆனால் இதை ப → □ப என்று படித்துவிடக் கூடாது. அப்படிப் படித்தால் “உண்மையானதெல்லாம் நிரூபிக்கத்தக்கது” என்றாகிவிடும், அது தவறு. விதி 1 நாம் வெளியே நின்று அமைப்பைப் பற்றிச் சொல்வது. விதி 3 அமைப்பு தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வது. இரண்டாம் விதி, நிரூபணங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டலாம் என்பது மட்டுமே.

□ப → ப இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். “நிரூபித்தால் உண்மை” என்ற நம்பிக்கைக் கூற்று அதுதான். மறதியால் விடுபட்டதல்ல.

படி 3: தன்னைச் சுட்டும் வாக்கியம்

“இந்த வாக்கியம்” என்ற சொல்லே இல்லாமல் ஒரு வாக்கியம் தன்னைப் பற்றிப் பேச முடியுமா? எண்கணிதத்தில் “இந்த” என்ற சொல் கிடையாது என்பதால் இந்தக் கேள்வி முக்கியம். தத்துவவியலாளர் குவைன் காட்டிய ஓர் உத்தி இருக்கிறது. வினை கடைசியில் வரும் தமிழில் அது அழகாகப் பொருந்துகிறது. கீழே உள்ளதை மெதுவாகப் படியுங்கள்:

“என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதி, பின் அதையே குறியின்றி எழுதினால் கிடைக்கும் வாக்கியத்துக்கு நிரூபணம் இல்லை” என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதி, பின் அதையே குறியின்றி எழுதினால் கிடைக்கும் வாக்கியத்துக்கு நிரூபணம் இல்லை.

இப்போது அது சொல்கிறபடியே தாளில் செய்து பாருங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் துண்டை எடுத்து, முதலில் குறியோடு எழுதுங்கள், அடுத்து குறியின்றி எழுதுங்கள். கிடைப்பது அதே வாக்கியம், எழுத்துக்கு எழுத்து. “எனக்கு நிரூபணம் இல்லை” என்று அது சொல்கிறது. ஆனால் “நான்”, “இது” போன்ற எந்தச் சொல்லும் அதில் தேவைப்படவில்லை.

எண்கணிதத்தில் மேற்கோளின் வேலையை 90 போன்ற குறியீட்டு எண்கள் செய்கின்றன. விளைவு: பெட்டியை வைத்து எந்தப் பண்பை எழுதினாலும், “எனக்கு அந்தப் பண்பு உண்டு” என்பதற்குச் சமமான ஒரு வாக்கியம் அமைப்பில் இருக்கும். அந்தச் சமத்தையும் அமைப்பே நிரூபிக்கும். இதற்கு மூலைவிட்டத் துணைத்தேற்றம் என்று பெயர்.

மேலே எழுதியதுதான் கோடெலின் வாக்கியம்: க ↔ ¬□க. (↔ என்றால் “இரண்டும் சமம்”, ¬ என்றால் “இல்லை”.) அமைப்பு க-வை நிரூபித்தால் விதி 1-இன்படி □க-வையும் நிரூபிக்கும். க-வின் பொருளோ ¬□க. முரண்பாடு வந்துவிடும். எனவே முரணில்லாத அமைப்பு க-வை நிரூபிக்காது. இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

படி 4: ஹென்கினின் கேள்வி

1952-இல் லியோன் ஹென்கின் எதிர்த்திசையில் ஒரு கேள்வி கேட்டார். “எனக்கு நிரூபணம் இல்லை” என்பதற்குப் பதிலாக “எனக்கு நிரூபணம் உண்டு” என்று சொல்லும் வாக்கியத்தை எடுங்கள்: ஹ ↔ □ஹ. அது நிரூபிக்கத்தக்கதா, இல்லையா?

இரண்டில் எது நடந்தாலும் முரண்பாடு வராது போலத் தெரிகிறது. நிரூபணம் இருந்தால் அது சொல்வது உண்மை, இல்லாவிட்டால் அது சொல்வது பொய். எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்க எதுவும் இல்லாததுபோல இருக்கிறது. விடையைத் தந்தவர் லோப். பெர்லினில் 1921-இல் பிறந்த அவர், நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர். 1940-இல் “எதிரி நாட்டவர்” என்று பிடிக்கப்பட்டு டுனேரா என்ற கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஹே என்ற ஊரின் தடுப்பு முகாமில், உடன் அடைபட்டிருந்த கணிதம் தெரிந்தவர்களிடம்தான் கணிதம் கற்றார். பின்னாளில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும்போது எழுதிய சிறு கட்டுரையில் இந்த விடை வந்தது.

படி 5: தேற்றமும் பத்து வரிகளும்

தேற்றம்: அமைப்பு □ப → ப என்பதை நிரூபித்தால், அமைப்பு ப-வையே நிரூபிக்கும்.

மூலைவிட்டத் துணைத்தேற்றத்தால் ஒரு வாக்கியத்தைச் செய்துகொள்வோம்: ல ↔ (□ல → ப). “எனக்கு நிரூபணம் இருந்தால், ப” என்று அது சொல்கிறது. இப்போது வரி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் அமைப்புக்குள் நிரூபிக்கப்படுவது.

1. ல → (□ல → ப). ல-வின் பொருளே இது.
2. □(ல → (□ல → ப)). விதி 1.
3. □ல → □(□ல → ப). விதி 2.
4. □ல → (□□ல → □ப). மறுபடி விதி 2.
5. □ல → □□ல. விதி 3.
6. □ல → □ப. 4, 5 இரண்டையும் சேர்த்தால் வருவது.
7. □ல → ப. 6-ஓடு, நமக்குக் கொடுக்கப்பட்ட □ப → ப.
8. ல. ஏனென்றால் 7-ஆம் வரி சொல்வதுதான் ல.
9. □ல. 8-இலிருந்து விதி 1.
10. ப. 7-உம் 9-உம்.

கொடுக்கப்பட்ட நம்பிக்கைக் கூற்று ஒரே ஒரு வரியில், 7-இல் மட்டுமே பயன்பட்டது. முதல் ஆறு வரிகள் எந்த நம்பிக்கையும் இல்லாமலே ஓடுகின்றன. ப எதைப் பற்றியது என்பதையும் எங்குமே பார்க்கவில்லை. 7-இல் நம்பிக்கை உள்ளே வருகிறது, 8-இல் வாக்கியம் தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்கிறது. அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நான் அறிந்த நிரூபணங்களில் இவ்வளவு குறைந்த பொருளை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்குப் போவது வேறில்லை.

உடனடி விளைவுகள் இரண்டு. ஹென்கினின் ஹ: □ஹ → ஹ என்பது அதன் பொருளிலேயே இருக்கிறது, எனவே ஹ நிரூபிக்கத்தக்கது. அடுத்து, ப என்ற இடத்தில் 0=1 என்று வையுங்கள். □(0=1) → 0=1 என்பது “எனக்குள் முரண்பாடு இல்லை” என்பதற்குச் சமம். அமைப்பு அதை நிரூபித்தால் 0=1 என்பதையும் நிரூபிக்கும். முரணில்லாத அமைப்பு தன் முரணின்மையைத் தானே நிரூபிக்காது என்ற கோடெலின் இரண்டாம் தேற்றம் ஒரே வரியில் வந்துவிட்டது.

படி 6: அப்படியானால் நம்பிக்கை எங்கே வைப்பது?

இதைப் படித்துவிட்டு, “கணிதமே தன்னைச் சந்தேகிக்கிறது” என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. □ப → ப என்பது ஒவ்வொரு ப-வுக்கும் உண்மைதான். அடிகோள்கள் உண்மையானவை, விதிகள் உண்மையைக் காப்பவை என்பதை வெளியே இருந்து நாம் பார்க்கிறோம். அமைப்பு அதை நிரூபிக்காமல் இருப்பது சந்தேகம் அல்ல. அதை நிரூபிக்கும் இடம் உள்ளே இல்லை என்பது மட்டுமே.

வெளியே இடம் உண்டு. பழைய அமைப்போடு “பழைய அமைப்பு ப-வை நிரூபித்தால் ப உண்மை” என்ற கூற்றுகள் எல்லாவற்றையும் புதிய அடிகோள்களாகச் சேர்த்தால், மேல்தளத்தில் ஒரு புதிய அமைப்பு கிடைக்கும். அது கீழ்த்தளத்தை முழுதாக நம்புகிறது. அதனால் எந்த முரண்பாடும் வராது, ஏனென்றால் அதனுடைய சொந்தப் பெட்டி இப்போது வேறு. தன்னைப் பற்றி அதுவும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதை நம்ப இன்னொரு தளம் வேண்டும். ஆலன் டூரிங் 1939-இல் இப்படிப்பட்ட தளங்களை ஆராய்ந்தார். 1962-இல் சாலமன் ஃபெஃபர்மன், இவற்றில் வலுவான ஒரு வகையை முடிவிலிக்கு அப்பாலும் அடுக்கிக்கொண்டே போனால் எண்கணிதத்தின் எல்லா உண்மைகளையும் எட்டலாம் என்று காட்டினார். ஆனால் எந்தப் பாதையில் ஏறினால் அங்கே போகலாம் என்பதை இயந்திரத்தனமாகக் கண்டுபிடிக்க முடியாது.

பெட்டியை “நம்புகிறான்” என்றும் வாசிக்கலாம். ரேமண்ட் ஸ்மல்யன் இந்த வாசிப்பைப் பல புதிர்களில் விரிவாக வளர்த்தார். விதிகள் அப்படியே பொருந்துகின்றன: தர்க்கப்படி வருவதை எல்லாம் நம்புபவன், தான் எதை நம்புகிறான் என்பதையும் அறிந்தவன். அவன் “நான் இதை நம்பினால் இது நடக்கும்” என்று உறுதியாக நம்பினால், ல போன்ற ஒரு தன்சுட்டு வாக்கியமும் அவனுக்குக் கிடைத்தால், அவன் அந்த நிகழ்வையே நம்பியாக வேண்டும். மனிதர்களுக்கு இதை அப்படியே பொருத்தாதீர்கள். நம் நம்பிக்கைகளின் விளைவுகள் எல்லாவற்றையும் நாம் நம்புவதில்லை, விதி 2-லேயே நாம் தவறிவிடுகிறோம்.

படி 7: நிலைகளின் கணக்கு

தன்சுட்டு வாக்கியங்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக நிரூபணம் தேட வேண்டியதில்லை. மூன்று விதிகளோடு லோப் தேற்றத்தையும் சேர்த்தால் கிடைக்கும் தர்க்கத்துக்கு, கோடெல், லோப் இருவர் பெயராலும் ஜி.எல். என்று பெயர். 1976-இல் ராபர்ட் சோலோவே, பெட்டியைப் பற்றி அமைப்பு பொதுவாக நிரூபிக்கக்கூடியது எதுவோ அது முழுவதும் ஜி.எல்.-இல் அடங்கிவிடுகிறது என்று நிறுவினார். ஜி.எல். முடிவு காணத்தக்கது: எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் ஒரு கணினி ஆம், இல்லை என்று சொல்லிவிடும்.

நமக்குத் தேவையான அளவுக்கு ஒரு சுருக்கு வழி போதும். 0, 1, 2, 3... என்று நிலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒரு நிலையில் □ப உண்மை என்றால், அதற்குக் கீழான எல்லா நிலைகளிலும் ப உண்மை என்று பொருள். 0-ஆம் நிலைக்குக் கீழே எதுவுமே இல்லை. எனவே அங்கே எதற்குப் பெட்டி போட்டாலும் உண்மை, □(0=1) உட்பட. தன்னைக் குறிக்கும் எழுத்து எப்போதும் பெட்டிக்குள்ளேயே வரவேண்டும், வேறு தனிக் கூற்றுகள் கலக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகள் இருந்தால், எல்லா நிலைகளிலும் உண்மையாக வருவது நிரூபிக்கத்தக்கது. மேலே போகப் போக எந்த மதிப்பில் நிலைக்கிறதோ அது உண்மையான மதிப்பு.

கோடெலின் க-வைப் போட்டுப் பார்ப்போம். க ↔ ¬□க. நிலை 0: □க உண்மை, ஆகவே க பொய். நிலை 1: கீழே 0-இல் க பொய், எனவே □க பொய், ஆகவே க உண்மை. நிலை 2: கீழே 0-இல் க பொய்யாகவே இருக்கிறது, எனவே □க பொய், க உண்மை. அதற்கு மேலும் இப்படியே. 0-இல் மட்டும் பொய், மற்ற எங்கும் உண்மை. இப்போது ¬□(0=1) என்பதைப் போடுங்கள்: 0-இல் பொய், மற்ற எங்கும் உண்மை. அதே வரிசை! “எனக்கு நிரூபணம் இல்லை” என்ற வாக்கியமும் “அமைப்பில் முரண்பாடு இல்லை” என்ற வாக்கியமும் சமம் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தன்னைச் சுட்டும் வாக்கியத்தை, தன்னைச் சுட்டாத வாக்கியமாக மாற்றியும் ஆயிற்று. இது எப்போதும் முடியும் என்பதை டிக் டி யோங்கும் ஜொவானி சாம்பினும் 1970-களில் நிறுவினார்கள்.

ஹென்கினின் ஹ ↔ □ஹ: நிலை 0-இல் உண்மை. நிலை 1-இல், கீழே உண்மை, எனவே உண்மை. எல்லா நிலையிலும் உண்மை.

படி 8: ஒன்றையொன்று படிக்கும் நிரல்கள்

2014-இல் பாராஸ், லாவிக்டோயர் முதலானோர் இதைக் கைதிகளின் இக்கட்டு என்ற ஆட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஆடும் இருவரும் தனித்தனியே ஒத்துழைக்கலாம் அல்லது துரோகம் செய்யலாம். ஆடுபவை இரண்டு நிரல்கள். ஒவ்வொன்றும் மற்றதன் மூல நிரலைப் படிக்கலாம். ஒரு நிரலின் விதி: “எதிராளி என்னோடு ஒத்துழைப்பான் என்று நிரூபிக்க முடிந்தால் ஒத்துழைப்பேன், இல்லையேல் மாட்டேன்.” இதே விதியோடு இரண்டு நிரல்கள் சந்தித்தால்? நீ முதலில், நான் பிறகு என்று முடிவில்லாமல் சுற்றும் என்றுதான் எதிர்பார்ப்போம்.

எழுதிப் பாருங்கள். அ என்பது “முதல் நிரல் ஒத்துழைக்கும்”, ஆ என்பது “இரண்டாவது ஒத்துழைக்கும்”. அ ↔ □ஆ, ஆ ↔ □அ. நிலை 0-இல் இரண்டும் உண்மை. நிலை 1-இல், கீழே இரண்டும் உண்மை, எனவே இரண்டும் உண்மை. எங்கும் உண்மை. இரண்டும் ஒத்துழைக்கின்றன, அது நிரூபிக்கவும் படுகிறது. எப்போதும் துரோகம் செய்யும் நிரலிடம் போனால், “அது ஒத்துழைக்கும்” என்பது 0=1 போல எப்போதும் பொய், எனவே அ ↔ □(0=1): 0-இல் மட்டும் உண்மை, மேலே எங்கும் பொய். ஏமாறவில்லை.

இதே தேற்றம் இன்னோரிடத்தில் வழியை அடைக்கிறது. ஒரு நிரல் தனக்கு வாரிசாக இன்னொரு நிரலை எழுத வேண்டும், அதே நிரூபண அமைப்போடு. எழுதுமுன், “வாரிசு எதைப் பாதுகாப்பானது என்று நிரூபித்துச் செய்தாலும் அது பாதுகாப்பானதே” என்று உறுதிசெய்ய வேண்டும். அது □ப → ப என்ற அதே நம்பிக்கை. யுட்கோவ்ஸ்கியும் ஹெரெஷாஃபும் 2013-இல் இதை லோபியத் தடை என்று பெயரிட்டு எழுதினார்கள். வாரிசுக்கு ஒரு தளம் கீழான அமைப்பைக் கொடுத்தால் நம்பலாம். ஆனால் அதன் வாரிசுக்கு இன்னும் ஒரு தளம் கீழே, இப்படியே போனால் தலைமுறைக்குத் தலைமுறை வலு குறையும். தன்னைத்தானே திருத்தி எழுதும் இயந்திரங்களைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

நீங்களே போட்டுப் பார்க்க

முதலாவது: ச ↔ □¬ச. “நான் பொய் என்பதற்கு நிரூபணம் உண்டு” என்று சொல்லும் வாக்கியம். இரண்டாவது: த ↔ ¬□¬த. “நான் பொய் என்பதற்கு நிரூபணம் இல்லை” என்று சொல்வது. நான்கு நிலைகள் வரை எழுதினால் போதும், அதற்கு மேல் மாறாது.

விடைகள்: ச 0-இல் மட்டும் உண்மை, எனவே அது □(0=1) என்பதற்குச் சமம். அதாவது உண்மையில் பொய், ஆனால் பொய் என்று அமைப்பால் நிரூபிக்க முடியாதது. த எல்லா நிலைகளிலும் பொய், எனவே அது பொய் என்பதை அமைப்பே நிரூபித்துவிடும்.